கேட்காமல் விட்டோம்

2006ஆம் ஆண்டு ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியபோது நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். மகிழ்ந்ததில் தவறில்லை. சுற்றுவட்டாரக் கிராமங்களில் பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்த பெண்கள் கம்பெனி பஸ் ஏறி வேலைக்குப் போனார்கள். அவர்களுடைய சம்பளத்தை நம்பிக் குடும்பங்கள் நிமிர்ந்தன.

அந்த ஆலை எந்த நிபந்தனையில் வந்தது என்று மட்டும் நாம் கேட்கவில்லை. 2005இல் போட்ட புரிந்துணர்வு ஒப்பந்தத்திலேயே, கம்பெனி கட்டும் விற்பனை வரியைத் திருப்பித் தர மாநில அரசு ஒப்புக்கொண்டிருந்தது. நாம் தராவிட்டால் பக்கத்து மாநிலம் தந்துவிடும் என்ற பயம் எல்லா அரசுகளுக்கும் இருந்தது, இன்றும் இருக்கிறது. 2006இல் ஆட்சி மாறியது. இந்தப் பயம் மாறவில்லை. வந்த முதலீட்டுக்கு இரண்டு கழகங்களும் உரிமை கொண்டாடின. கொடுத்த சலுகைக்குக் கணக்கு எங்கே என்று வாக்காளர்களான நாம் ஒரு தேர்தலிலும் கேட்டதில்லை.

பிறகு வரி வழக்கு வந்தது. நோக்கியாவின் கைப்பேசித் தொழிலை 2014 ஏப்ரலில் வாங்கிய மைக்ரோசாப்ட், வழக்கில் சிக்கிய இந்த ஆலையை விட்டுவிட்டது. அந்த ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தி நின்றது. ஒரு காலத்தில் சுமார் 8,000 பேர் வேலை பார்த்த இடம் அது. இருபது வயதுகளில் இருந்த பெண்கள் வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். வழக்கைப் பற்றியும் முதலீட்டாளர் நம்பிக்கையைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதினோம். அந்தப் பெண்கள் அடுத்து என்ன ஆனார்கள் என்று பின்தொடர்ந்தவர்கள் நம்மில் வெகு சிலரே.

அதே வட்டாரத்தில் ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் 2021 டிசம்பரில் ஹாஸ்டல் சாப்பாட்டால் நோயுற்றார்கள். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகளுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் சரியாகச் சொல்லாததால் மற்றவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். நெடுஞ்சாலை நின்ற பிறகுதான் அவர்கள் எங்கே படுக்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்பதே நமக்குச் செய்தியானது. சில விடுதிகளும் சாப்பாட்டு அறைகளும் தரமாக இல்லை என்று ஆப்பிள் கம்பெனி சொல்லித்தான் நாம் தெரிந்துகொண்டோம். நம் பிள்ளைகள் தூங்கும் இடத்தை நாமே போய்ப் பார்த்திருக்க வேண்டும். தொழிலாளர் துறை, சட்டமன்றம், தொழிற்சங்கங்கள், பத்திரிகைகள் எல்லாம் இங்கேதான் இருந்தன. இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது எதிர்த்தோம். அது திரும்பப் பெறப்பட்டது. விழித்திருந்தால் நடக்கும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் மறு ஆண்டே சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் சங்கம் வைக்கும் உரிமைக்காக 37 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது, முதலீடு ஓடிவிடுமோ என்ற கவலைதான் நம்மிடம் பெரிதாக இருந்தது. சங்கம் வைக்கும் உரிமையைச் சட்டம் 1926லேயே தந்துவிட்டது. அதற்கும் முன்பே, 1918இல், சென்னை தொழிலாளர் சங்கம் தொடங்கிய மண் இது.

அடுத்த ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது எத்தனை கோடி என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். நிரந்தர வேலை எத்தனை, ஹாஸ்டலை யார் சோதிப்பார்கள், கம்பெனி போய்விட்டால் தொழிலாளிக்கு என்ன வழி என்று உங்கள் எம்.எல்.ஏ.விடம் கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்.