வாய் திறக்காத சாட்சி



ரகசியமாக யாராவது அணுகுண்டு வெடிக்கிறார்களா என்று வேவு பார்க்க, 'வேலா' என்ற செயற்கைக்கோள்களை அமெரிக்கா சுற்றவிட்டிருந்தது. குண்டு வெடித்தால் காமா கதிர்கள் கிளம்புமே! 1967 ஜூலை 2-ம் தேதி அவற்றில் காமா கதிர்கள் பதிவாயின. ஆராய்ந்து பார்த்தால், அவை பூமியில் கிளம்பியவையே அல்ல, விண்வெளியிலிருந்து வந்தவை!

பிறகு இப்படி ஆயிரக்கணக்கான வெடிப்புகள் பதிவாயின. இரண்டு நொடிக்குள் அடங்கிவிடும் குட்டி வெடிப்புகளுக்கு, இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதுவதே காரணம் என்று விஞ்ஞானிகள் சந்தேகப்பட்டனர். நியூட்ரான் நட்சத்திரத்தின் குறுக்களவு சுமார் 20 கி.மீ.தான், எடையோ சூரியனைவிட அதிகம்! சந்தேகம் சரி, சாட்சி?

2017 ஆகஸ்ட் 17. நம் நேரப்படி மாலை 6.11 மணி. அமெரிக்காவில் உள்ள இரண்டு 'லைகோ' கருவிகளில் ஈர்ப்பு அலை பதிவானது. கனமான பொருள்கள் ஒன்றையொன்று வேகமாகச் சுற்றும்போது இடவெளியில் பரவும் நடுக்கம்தான் ஈர்ப்பு அலை. அலை முடிந்த 1.7 நொடியில், 'ஃபெர்மி' செயற்கைக்கோளில் காமா வெடிப்பு பதிவானது. சாட்சி கிடைத்துவிட்டது!

ஆனால், மோதல் நடந்தது வானில் எங்கே? இத்தாலியில் உள்ள 'விர்கோ' கருவியும் அன்று விழித்துத்தான் இருந்தது. அதில் அலை ஏறக்குறைய பதிவாகவே இல்லை. கருவி பழுதா? இல்லை. இந்தக் கருவிகள் ஒவ்வொன்றுக்கும் காது மந்தமான திசைகள் சில உண்டு. 'அப்படியானால் அலை வந்தது விர்கோவுக்குக் கேட்காத திசையிலிருந்துதான்' என்று கணக்குப் போட்டார்கள். தேட வேண்டிய இடம் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கியது!

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தவர் பேசாத இந்த விர்கோதான். பள்ளி ஆய்வகத்தில் விடை வராவிட்டால், பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதுகிறவர்கள் உண்டு. (உங்களைச் சொல்லவில்லை!) 'வரவில்லை' என்பதும் ஒரு விடைதானே?

சிலி நாட்டில் இருட்டியதும் தொலைநோக்கிகள் அந்தப் பக்கம் திரும்பின. 13 கோடி ஒளியாண்டு தொலைவில், என்.ஜி.சி. 4993 என்ற விண்மீன் கூட்டத்தில், பழைய படங்களில் இல்லாத புதிய ஒளிப்புள்ளி ஒன்று தெரிந்தது. தங்கம், பிளாட்டினம் போன்ற கனமான தனிமங்கள் இத்தகைய மோதல்களில் உருவாகின்றன என்பதற்கு, அந்த ஒளி ஆதாரம் தந்தது.

லைகோ போன்ற கருவியை மகாராஷ்டிர மாநிலம் ஹிங்கோலி மாவட்டத்தில் அமைக்க, 2023-ல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. அதுவும் சேர்ந்துவிட்டால், மோதல் நடந்த இடத்தைக் கண்டுபிடிப்பது இன்னும் சுலபமாகும்.

அன்புடன்,
ஆசிரியர்