பிந்திப் பூத்தவர்கள் என்றொரு பொய்

சினிமாவைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் இரண்டு கதைகள் கட்டாயம் வந்துவிடும். காத்திருந்து காத்திருந்து முப்பதைத் தாண்டிய பிறகு ஜெயித்தவரின் கதை ஒன்று. உச்சாணிக்கு ஏறிய வேகத்திலேயே சரிந்தவரின் கதை இன்னொன்று. முதலாவதற்கு விக்ரம், இரண்டாவதற்கு எம்.கே.தியாகராஜ பாகவதர். திறமைக்கென்று ஒரு பருவம் உண்டு, சிலருக்கு அது பிந்தி வரும், சிலருக்குச் சீக்கிரமே கருகிவிடும் என்ற நம்பிக்கைதான் இரண்டுக்கும் அடியில் கிடக்கிறது. ஜாதகம் பார்க்கிற புத்தி இது.

விக்ரமின் முதல் படம் 1990-இல் வந்தது. 'சேது' வந்தது 1999 டிசம்பரில். இடையிலிருந்த ஒன்பது வருடமும் அவர் மொட்டாகவா இருந்தார்? 'அமராவதி'யில் அஜித்துக்கும் 'காதலன்' படத்தில் பிரபுதேவாவுக்கும் பின்னணிக் குரல் கொடுத்தவர் அவர்தான். டப்பிங் தியேட்டரின் இருட்டில், திரையில் அசையும் இன்னொருவர் உதட்டுக்குள் தன் மூச்சையும் தயக்கத்தையும் கொண்டுபோய்ப் பொருத்துவது நடிப்பு இல்லையென்றால் வேறென்ன? அந்த நடிப்புக்குக் காசு கொடுத்த தொழில், முகத்தை மட்டும் வேண்டாமென்றது. 'சேது'கூட முடிந்த பிறகு வாங்க ஆளில்லாமல் பெட்டியில் கிடந்த படம். தாமதம் யாருடையது என்று இதற்கு மேலும் கேட்க வேண்டுமா!

பாகவதர் விஷயம் இன்னும் மோசம். 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. அந்த வருட முடிவிலேயே லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவர் கைதானார். வழக்கு பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947-இல் நிரபராதி என்று விடுதலையானார். வெளியே வந்தபோது பாட்டுச் சினிமா வசனச் சினிமாவாக மாறிக்கொண்டிருந்தது. 1952-இல் 'பராசக்தி' அந்த மாற்றத்தை முடித்து வைத்தது. செய்யாத குற்றத்துக்காக இரண்டு வருடத்துக்கும் மேல் சிறையில் கிடந்தவரைப் பார்த்து 'சீக்கிரம் அணைந்துவிட்டார்' என்பது, விளக்கை ஊதிவிட்டு எண்ணெயைக் குறை சொல்வது.

தானாகவே வற்றிப்போனவர்கள் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. ஆனால் அது வயதின் விதியாக இருந்தால், ஒன்பது வயதில் மேடையேறிய மாண்டலின் ஸ்ரீனிவாஸ் 2014-இல் சாகும்வரை வாசித்துக்கொண்டிருந்ததை எந்தக் கணக்கில் வைப்பது? 'பிந்திப் பூப்பாய்' என்பது சோர்ந்தவனுக்கு ஆறுதல்தானே, அதில் என்ன கெடுதல் என்றும் கேட்பார்கள். கெடுதல் இருக்கிறது. ஒரு 'சேது' கிடைத்தவர் பெயர்தான் நமக்குத் தெரியும். கிடைக்காமலே ஊர் திரும்பியவர்களை யாரும் உதாரணம் காட்டுவதில்லை. காத்திரு என்று அவர்களிடம் சொல்கிற நாம், கதவைச் சாத்தி வைத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

'காதலன்' மறுபடி பார்க்க வாய்த்தால் ஐந்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு நாயகன் பேசுவதைக் கேளுங்கள். படம் வெளியான வருடம் 1994.