கஞ்சாவும் கலங்கிய மனமும்

கஞ்சாவைப் பற்றி நம்மிடையே இரண்டு பேச்சுகள் உலவுகின்றன. "அது வெறும் மூலிகை, சாராயம் கெடுக்கும் அளவுக்குக்கூட அது கெடுக்காது" என்பது இளைஞர் பேச்சு. "கஞ்சா குடித்தான், பைத்தியமானான், விதைத்ததை அறுக்கிறான்" என்பது பெரியவர் பேச்சு. முன்னது ஆபத்தை மறைக்கிறது. பின்னது ஆபத்தில் வீழ்ந்தவனைக் கைவிடுகிறது. இரண்டுமே பாதி உண்மைகள். பாதி உண்மையை வைத்துக்கொண்டு இளைஞரை எச்சரிக்கவும் இயலாது. நோயாளியைக் காக்கவும் இயலாது. இதுவே நாம் இங்கு எடுத்துரைக்க விழைவது.

முதலில் நோயைத் தெளிவாக அறிந்துகொள்வோம். மனச்சிதைவு என்று தமிழில் வழங்கும் ஸ்கிசோஃப்ரினியா குணக்கேடு அன்று. மன உறுதிக் குறைவும் அன்று. இல்லாத குரல்கள் காதில் ஒலிப்பதும், எல்லாரும் தனக்கு எதிராகச் சதி செய்வதாக உறுதியாக நம்புவதும், பேச்சும் சிந்தனையும் கோர்வை இழப்பதும், எதிலும் நாட்டமின்றி ஒடுங்கிவிடுவதும் அதன் அறிகுறிகள். பெரும்பாலும் பதின்வயதின் இறுதியிலோ இருபதுகளிலோ அது தலைகாட்டுகிறது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இந்நோய் உண்டு. அப்படியானால் ஆயிரம் குடும்பங்கள் கொண்ட ஒரு பங்கில் பத்துப் பன்னிரண்டு பேரேனும் இருக்கக்கூடும். அவர்களை நாம் ஞாயிறு திருப்பலியில் காண்பதில்லை என்றால், அவர்கள் இல்லை என்று பொருளன்று; வீட்டின் பின்னறையில் இருக்கிறார்கள் என்றே பொருள்.

கஞ்சா தீங்கற்றது என்போர் அடிக்கடி காட்டும் சான்று, 1893-94 இல் ஆங்கில அரசு அமைத்த இந்தியக் கஞ்சா ஆணையத்தின் அறிக்கை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, ஏழு தொகுதிகளாக வெளிவந்த அவ்வறிக்கை, மிதமான பழக்கம் மனத்துக்குக் கேடு விளைப்பதில்லை என்று கூறியது உண்மையே. ஆனால் மிதமிஞ்சிய பழக்கம் மனத்தின் நிலைகுலைவைத் தீவிரப்படுத்தும், பித்துநிலைக்கும் இட்டுச் செல்லக்கூடும் என்று அதே அறிக்கை கூறியதை இவர்கள் ஏன் படிப்பதில்லை? முற்பாதியை மட்டும் படித்துவிட்டு ஏட்டை மூடிவைப்பது ஆராய்ச்சியாகுமா? இயற்கையின் விளைச்சல் என்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடாது. அரளியும் இயற்கையின் விளைச்சலே.

அந்நாளில் ஐயமாக இருந்தது இன்று பல நாடுகளில் ஆராயப்பட்டிருக்கிறது. சுவீடன் நாட்டில் 1969-70 இல் படைப்பயிற்சிக்கு அழைக்கப்பட்ட இளைஞர் 45,570 பேரைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். கஞ்சாவை ஐம்பது முறைக்கு மேல் பயன்படுத்தியிருந்தோருக்கு மனச்சிதைவு வரும் வாய்ப்பு, அதைத் தொடாதவரைவிட ஆறு மடங்காக இருந்ததென்று 1987 இல் அறிவித்தனர். குடும்பச் சூழல், முன்னரே இருந்த மனக்குறைகள் ஆகியவற்றைக் கழித்து 2002 இல் மீண்டும் கணக்கிட்டபோது அது ஏறத்தாழ மூன்று மடங்காகக் குறைந்தது; மறைந்துவிடவில்லை. ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் பதினோரு இடங்களில் நடத்தப்பட்டு 2019 இல் வெளிவந்த ஆய்வோ, வீரியமிக்க கஞ்சாவை நாள்தோறும் பயன்படுத்துவோர் கடும் மனநோய்க்கு ஆளாகும் வாய்ப்பு, அதை ஒருபோதும் பயன்படுத்தாதவரைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று கண்டது.

வயதும் இதில் முக்கியம். நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73 இல் பிறந்த குழந்தைகளை வளர வளரக் கவனித்து வந்த ஆய்வில், 15 வயதுக்குள் கஞ்சாவைத் தொட்டோரில் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துப் பேர் 26 வயதில் மனச்சிதைவை ஒத்த நோய்க்கு ஆளாகியிருந்தனர். தொடாதவரில் அது நூற்றுக்கு மூன்று. குழந்தைப் பருவத்திலேயே சில அறிகுறிகளைக் காட்டியவர்களைக் கணக்கில் கொண்டபோது வேறுபாடு சுருங்கியது. எனினும் முற்றும் நீங்கவில்லை. இருபது வயதைத் தாண்டியும் மூளை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. அரைகுறையாய்க் காய்ந்த செங்கல்லின் மீது மழை பெய்வதும், சூளையில் வெந்த செங்கல்லின் மீது மழை பெய்வதும் ஒன்றல்லவே!

"நோயின் தொடக்கத்தில் தவிப்பவர்கள்தாம் ஆறுதல் தேடிக் கஞ்சாவை நாடுகிறார்கள், ஆகவே விளைவைக் காரணமாக்குகிறீர்கள்" என்று மறுப்போர் உண்டு. அந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. மரபுவழியாக நோய்க்கு இடம் கொடுக்கும் கூறுகளே கஞ்சாவின் பக்கம் ஈர்க்கவும் கூடும் என்பதையும் ஆய்வாளர் ஒப்புகின்றனர். ஆனால் அதுவே முழு விளக்கம் என்றால், 2004 இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டதற்கு என்ன பதில்? கஞ்சாவில் போதை தரும் டி.எச்.சி. என்னும் பொருளை நலமாயிருந்த தன்னார்வலர்களின் குருதியில் செலுத்தியபோது, மனநோயை ஒத்த ஐயங்களும் புலன் மயக்கங்களும் அவர்களிடம் சிறிது நேரம் தோன்றி மறைந்தன. அமெரிக்காவில் கைப்பற்றப்பட்ட கஞ்சாவில் அப்பொருளின் அளவு 1995 இல் நூற்றுக்கு நான்கு. 2014 இல் ஏறத்தாழ பன்னிரண்டு. "எங்கள் காலத்தில் குடித்தோம், ஒன்றும் ஆகவில்லை" என்போர், தாங்கள் குடித்தது வேறு, இன்றைய சரக்கு வேறு என்பதை எண்ணிப் பார்க்கட்டும்.

ஆகவே இளைஞரிடம் நாம் சொல்ல வேண்டியது இது: கஞ்சாவைத் தொட்ட எல்லாரும் மனநோயாளர் ஆவதில்லை, மிகப் பெரும்பாலோர் ஆவதில்லை. ஆனால் தொடங்கும் வயது குறையக் குறைய, அளவும் வீரியமும் கூடக் கூட, ஆபத்தும் கூடுகிறது. உன் தாய்வழியிலோ தந்தைவழியிலோ ஒருவருக்கு இந்நோய் இருந்தால் அது உனக்கு மேலும் அதிகம். இதை மிகைப்படுத்திச் சொல்லத் தேவையில்லை. ஒரு முறை குடித்தால் பைத்தியம் என்று அச்சுறுத்தினால், குடித்துவிட்டு நலமாய் நடமாடும் தோழனைக் காட்டி அவன் நம்மைப் பொய்யர் ஆக்குவான். பிறகு நாம் சொல்லும் மெய்யையும் கேளான்.

இனி, நம்மைப் போன்ற பெரியவர்களின் பேச்சுக்கு வருவோம். அந்த 1894 ஆம் ஆண்டு அறிக்கை இன்னொன்றையும் வெளிப்படுத்தியது. அக்காலத்து மனநோயாளர் காப்பகங்களின் பதிவேட்டில் 'காரணம்' என்றொரு கட்டம் இருந்தது. நோயாளியைக் கொண்டுவந்த காவலரும் அலுவலரும், தக்க விசாரணை ஏதுமின்றி, அதில் கஞ்சா என்று எழுதி வைத்தனர். ஆணையம் அப்பதிவுகளை ஒவ்வொன்றாகத் துருவியபோது அவற்றில் பல ஆதாரமற்றவை என்று தெரிந்தது. அந்தக் கட்டத்தை இன்றும் நாம் நிரப்பிக்கொண்டிருக்கவில்லையா? ஒரு வீட்டுப் பிள்ளை நோயுற்றால், கஞ்சா என்கிறோம்; காதல் தோல்வி என்கிறோம்; பெற்றோர் செய்த பாவம், பிசாசு, செய்வினை என்கிறோம். சுவீடன் ஆய்வில் மனச்சிதைவு கண்டவர்களில் பெரும்பாலோர் கஞ்சாவையே தொடாதவர்கள். பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்டு, யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது ஆண்டவர் அந்தக் கேள்வியையே தள்ளிவிட்டார். அவர் தள்ளிய கேள்வியை நாம் ஏன் பொறுக்கியெடுக்கிறோம்?

கஞ்சாவே காரணமாக இருந்தாலும்தான் என்ன? புகைபிடித்துப் புற்றுநோய் கண்டவருக்கு நாம் மருத்துவம் மறுப்பதில்லை. மனச்சிதைவில் மட்டும் பழி முன்னே வருகிறது. மருந்து பின்னே வருகிறது. தங்கையின் திருமணம் தடைபடும் என்று நோயை மறைத்து, மந்திரவாதியிடமும் 'வல்லமை' செபக்காரரிடமும் அலைந்து, ஓராண்டு ஈராண்டு கழித்தே மருத்துவமனைக்குச் செல்கின்றன குடும்பங்கள். சிகிச்சை தாமதமாகத் தாமதமாக மீள்வது கடினமாகிறது. 2001 ஆகஸ்டு 6 ஆம் நாள் ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் இருபதுக்கும் மேற்பட்டோர் தீயில் கருகி மாண்டனர். அதை வேறொரு சமயத்தாரின் குற்றமென்று கடந்துபோக நமக்கு உரிமையில்லை. நம் திருத்தலங்களுக்கும் நோயுற்றோர் அழைத்து வரப்படுகின்றனர். நோய் மருத்துவத்தின் பொறுப்பு. பேயோட்டும் சடங்குக்கு முன் அது நோயன்று என்பதை உறுதி செய்ய வேண்டும் எனத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 1673 ஆம் எண்ணில் தெளிவாகவே கூறுகிறது. செபம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. செபத்தை மருந்தின் எதிரியாக நிறுத்தாதீர்கள் என்கிறோம்.

செய்யக்கூடியவை பல. சென்னையில் மருத்துவர் சாரதா மேனன் 1984 இல் தொடங்கிய 'ஸ்கார்ஃப்' நிறுவனம் இந்நோயாளருக்கென்றே உழைத்து வருகிறது. அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுகள் உள்ளன. 2022 முதல் 14416 என்னும் எண்ணில் இலவச ஆலோசனை கிடைக்கிறது. அன்பியக் கூட்டங்களில் இவற்றை அறிவிக்க ஐந்து நிமிடம் போதும். இளையோர் வகுப்பில் கஞ்சாவின் ஆபத்தை உள்ளது உள்ளபடி சொல்லுவோம். பிள்ளை தனக்குள் ஒடுங்கி, உறக்கம் கெட்டு, தனியே பேசத் தொடங்கினால், "என்ன குடித்தாய்?" என்று அடிக்கக் கை ஓங்கும் முன் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுவோம். குடித்திருந்தால் அதையும் மருத்துவரிடம் அஞ்சாமல் சொல்ல அவனுக்குத் துணை நிற்போம். காரணத்தை மருத்துவர் ஆராயட்டும். அவனுக்கு இன்று வேண்டியது மருந்தும், வீட்டில் ஓர் இடமும், திருப்பலியில் நம் அருகே ஓர் இருக்கையும். இவற்றைத் தருவது நம் கடமை.