ஈரவாடையும் இரண்டு சாவியும்

1371-ல் விஜயநகரத் தளபதி கோபணாரியர் உற்சவர் அழகிய மணவாளரைத் திருவரங்கத்துக்கு மீட்டு வந்தபோது ஊர் குழம்பியது. 1323-ல் டெல்லி சுல்தானியப் படையெடுப்பின்போது பிள்ளை லோகாசாரியர் எடுத்துச் சென்ற உற்சவர் மதுரைப் பக்கம், திருப்பதி, செஞ்சி என்று மறைந்திருந்து 48 ஆண்டு கழித்துத் திரும்புகிறார். இடையில் வேறொரு திருமேனி பூசையில் இருந்தது. எது பழையது? பார்வையிழந்த முதிய வண்ணார் ஒருவர் திருமஞ்சன ஈரவாடைத் தீர்த்தத்தைக் கொண்டு, இவரே நம்பெருமாள் என்று அடையாளம் காட்டியதாகக் கோயிலொழுகு சொல்கிறது. அந்தப் பெயரே இன்றும் வழங்குகிறது.

குறியாக்கிய படத்துக்குள் தகவல் ஒளிப்பது பற்றிச் சீன ஆய்வாளர் சின்பெங் ஜாங் 2011-ல் எழுதிய கட்டுரையிலும் ஏறக்குறைய இதே சிக்கல்தான். திருச்சி தில்லை நகரில் எடுத்த ஸ்கேன் படம் குறியாக்கம் செய்யப்பட்டு வெளியூர் சர்வருக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். காப்பவருக்குப் படம் தெரியக் கூடாது. ஆனால் தேதி, தொடர் எண் முதலியவற்றை அவர் அதற்குள்ளேயே எழுத வேண்டும். எழுதினால் படம் கெடும். நுரையீரலில் கடுகளவு கட்டியைத் தேடும் மருத்துவருக்குக் கெட்ட படம் எதற்கு?

ஜாங், குறியாக்கிய படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்தார். ஒவ்வொரு கட்டத்தின் பிக்சல்களும் இரண்டு அணி. 0 எழுத முதல் அணியின் கடைசி மூன்று பிட்களைப் புரட்டுவது. 1 எழுத இரண்டாம் அணியின் பிட்களை. சாவி போட்டுத் திறந்தால் ஏதோ ஓர் அணி கெட்டிருக்கும். முதல் அணியைத் திருப்பி ஒரு முறை, இரண்டாவதைத் திருப்பி ஒரு முறை பார்க்க வேண்டும். இயல்பான படத்தில் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் ஒத்திருக்கும் என்பதால், வழவழப்பாக வருவதே அசல். அசல் எதுவென்று தெரிந்த நொடியே ஒளித்த பிட்டும் தெரிந்துவிடுகிறது. வண்ணார் செய்ததும் இதுதானே!

ஆனால் கட்டம் சிறிதாகவோ படம் கரடுமுரடாகவோ இருந்தால் இந்தக் கணிப்பு ஏமாறும். எனவே, குறியாக்கத்துக்கு முன்பே இடம் ஒதுக்கிவிடும் 2013-ஆம் ஆண்டு முறைதான் என் கணக்கில் மேல். அதில் ஊகத்துக்கு வேலையில்லை.

இந்த நுட்பத்தின் அருமை ரகசியம் காப்பதில் மட்டும் இல்லை. எழுதும் உரிமையையும் பார்க்கும் உரிமையையும் அது பிரித்து வைக்கிறது. 2012-ல் ஜாங்கே இரண்டுக்கும் தனித்தனிச் சாவி கொடுத்தார். நாமோ நோயாளியின் பெயர் மூலையில் பளிச்சென்று தெரியும் ஸ்கேனை வாட்ஸப்பில் புகைப்படமாகத் தட்டிவிடுகிறோம். அது படத்தைச் சுருக்கும்போது நுண்விவரமும் போகும்; ஒளித்த தகவல் இருந்தால் அதுவும் போகும். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் சர்வர்கள் தாக்கப்பட்டு முடங்கியதும், 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் நம் பழக்கத்தை அதிகம் மாற்றவில்லை.

திருச்சியில் மருத்துவமனை நடத்துவோர், படங்களைச் சேமிக்க வெளி நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடும்போது ஒன்றை மட்டுமாவது அவர்களிடம் கேளுங்கள்: உங்கள் கையில் இருக்கப்போவது எழுதும் சாவியா, திறக்கும் சாவியா?