முழங்காலுக்கு எல்லை தெரியுமா?

ரிசி மலையுச்சியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது செல்போன் சிணுங்கியது: ஸ்லோவாக்கியா வரவேற்கிறதாம். நான் நின்றதோ போலந்துப் பக்கம். 2,499 மீட்டர், அந்த நாட்டின் மிக உயர்ந்த இடம். பக்கத்துக் கொடுமுடி இன்னும் சில அடி உயரம். அது முழுக்க ஸ்லோவாக்கியாவுக்குச் சொந்தம். நடுவே ஓர் எல்லைக்கல். 2007 டிசம்பரிலிருந்து அங்கே கடவுச்சீட்டு கேட்க ஆளில்லை.

மோர்ஸ்கியே ஓகோ ஏரியிலிருந்து 1,100 மீட்டர் ஏற்றம். மேற்பகுதியில் பாறையில் அடித்த சங்கிலியைப் பிடித்துத்தான் ஏறினோம். அதில் ஒன்றும் ஆகவில்லை. மறுபக்கம் இறங்கும்போதுதான் நண்பனின் முழங்கால் பிசகியது. மீட்புக் குழுவை அழைக்க போனை எடுத்தேன். தூத்துக்குடிக்காரன், என் கையைப் பிடித்துக்கொண்டான். "வேணாம்டா, இந்தப் பக்கம் துட்டு கேப்பாங்க." காப்பீடு எடுக்கவில்லையாம். அரை மணி நேர இறக்கத்துக்கு இரண்டரை மணி நேரம் ஆனது.

அவன் சொன்னது சரிதான். போலந்தில் மலை மீட்பு இலவசம். ஸ்லோவாக்கியாவில் காப்பீடு இல்லாதவர் செலவைக் கட்ட வேண்டும். ரப்பர் செருப்போடு ஏறுகிறவனுக்கு ஊரார் வரிப்பணம் எதற்கு என்று கேட்பவர்களின் எரிச்சல் எனக்கும் உண்டு. அப்படிப்பட்டவர்களை வழியில் பார்த்தேன். ஆனால் கட்டணப் பயம் அவர்களை ஏறவிடாமல் தடுக்கவில்லை. அடிபட்டபின் கூப்பிடவிடாமல்தான் தடுக்கிறது.

போலந்தின் வழி எனக்குப் பிடித்திருக்கிறது. தேசியப் பூங்காவின் நுழைவுச்சீட்டுப் பணத்தில் 15 சதவீதம் மீட்புப் பணிக்குப் போகிறது. நல்ல காலோடு வாசலில் நிற்கும்போதே எல்லோரும் கொடுத்துவிடுகிறோம். ஸ்லோவாக்கியப் பக்கம் நுழைவுச்சீட்டே கிடையாது, வண்டி நிறுத்தத்தான் காசு. அந்த ரசீதிலேயே மீட்புக்கான பங்கையும் சேர்த்துவிடலாமே!

இந்த மலைகளின் மீட்புக் குழு 1909-இல் ஸாகோபானேயில் தொடங்கியது. மறு ஆண்டே அதன் வழிகாட்டி கிளெமென்ஸ் பாக்லெடா, காயப்பட்ட ஒருவரைத் தேடிப் போய் மாண்டார். கொட்டும் மழையில் தலைவர் திரும்பி வரச் சொல்லியும் கேட்காமல் தனியே ஏறினார். அவர் ஏறிய மலை இன்று ஸ்லோவாக்கியாவில் இருக்கிறது.

அன்றிரவு மலைவிடுதியில் சூடான தேநீரை ஒரு கையில் பிடித்தபடி, வீங்கிய காலை பெஞ்சில் நீட்டி வைத்துக்கொண்டு, நண்பன் போனில் காப்பீடு எடுத்தான். மறுநாள் இறங்க வேண்டுமே.