விபத்துக் கோப்பு யாருடைய சொத்து?

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மா என் அலுவலகத்திற்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் கணவரின் இறப்புப் பத்திரம், அடையாள அட்டையின் நகல், கடைசிச் சம்பளச் சீட்டு, நான்காக மடித்த ஒரு போலீஸ் புகார். தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்தவரை லோரி ஒன்று மோதிவிட்டது. மூன்று பிள்ளைகள். கடைசிப் பெண் அப்போது கைக்குழந்தை.

அந்த அம்மா காவல் நிலையத்திற்கு நான்கு முறை நடந்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்: "இன்னும் விசாரணையில் இருக்கிறது, பிறகு வாருங்கள்." நாள் சம்பளத்திற்கு வேலை செய்பவர் எத்தனை நாள் லீவு போட முடியும்? ஐந்தாம் முறை அவர் போகவில்லை. இதற்கிடையே, பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள்ளேயே வீடு தேடி வந்த ஒருவர், "எல்லாம் நான் பார்த்துக்கிறேன் அக்கா" என்று சொல்லி வெற்றுத் தாள்களில் கையெழுத்து வாங்கிப் போயிருந்தார். பிறகு அவருடைய தொலைபேசி எண்ணே வேலை செய்யவில்லை.

என்னிடம் வந்தபோது கணவர் இறந்து மூன்று ஆண்டுகளும் பத்தொன்பது நாள்களும் ஆகியிருந்தன. விபத்தில் இறந்தவரை நம்பி வாழ்ந்த குடும்பம் இழப்பீடு கேட்டு வழக்குப் போட, 1956ஆம் ஆண்டு சிவில் சட்டம் 7ஆம் பிரிவு தரும் காலம் மூன்றே ஆண்டுகள். பத்தொன்பது நாள் தாமதத்தால் அந்த வழி அடைபட்டுவிட்டது. அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியவன் நானாக இருந்தேன். சொக்சோ பென்ஷன் ஒன்றுதான் மிஞ்சியது.

அந்த மூன்று ஆண்டுகளும் கோப்பு காவல் நிலையத்தில்தான் இருந்தது. லோரியின் எண் அதில் இருந்தது. படங்கள் இருந்தன. வரைபடம் இருந்தது. இல்லாதது ஒன்றுதான்: "அம்மா, இதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு" என்று சொல்ல ஒரு ஆள்.

இது ஒரு வீட்டின் கதை மட்டுமல்ல. 2022ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் 6,080 பேர் மாண்டனர். 2023இல் 6,443 பேர். இவர்களில் பெரும்பான்மையினர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். தோட்டங்களை விட்டு வெளியேறி அடுக்குமாடி வீடுகளில் குடியேறிய நம் மக்கள், மூன்று ஷிப்டுக்கும் எதில் போகிறார்கள் என்பது நமக்குத் தெரியும்.

போலீஸ் கோப்பில் என்ன இருக்கிறது? விபத்தில் சிக்கியவர்கள் கொடுத்த புகார்கள், 'ராஜா காசார்' எனப்படும் விபத்து இட வரைபடம், அதற்கான விளக்கக் குறிப்பு, படங்கள், வாகனப் பரிசோதனை அறிக்கை, கடைசியில் விசாரணையின் முடிவு. நீதிமன்றத்தில் இழப்பீட்டு வழக்கு நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் இந்தத் தாள்களால்தான். இறந்தவர் எழுந்து வந்து சாட்சி சொல்ல முடியாது. அவருக்காகப் பேசுவது அந்த வரைபடத்தில் உள்ள டயர் தடமும் கண்ணாடித் துண்டுகளும்தான்.

இனி சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

முதலாவது, புகார். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 107ஆம் பிரிவின்படி, நீங்கள் வாய்மொழியாகச் சொல்வதைப் போலீஸ் எழுத வேண்டும். எழுதியதை உங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். நம்மவர்கள் பலர் பதற்றத்தில் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். "லோரி சிவப்பு விளக்கை மீறி வந்தது" என்று நீங்கள் சொன்னது தாளில் இல்லையென்றால், பிற்பாடு காப்புறுதி நிறுவனத்தின் வழக்கறிஞர் அதையே பிடித்துக்கொள்வார். மலாய் வாசிக்கத் தடுமாறினால் படித்த பிள்ளை ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

இரண்டாவது, நகல். 1977ஆம் ஆண்டு அந்தோணி கோமெஸ் வழக்கில், முதல் தகவல் புகார் ஒரு பொது ஆவணம் என்று கூட்டரசு நீதிமன்றமே தீர்ப்பளித்தது. பொது ஆவணத்தைப் பார்வையிட உரிமையுள்ளவருக்குக் கட்டணம் பெற்றுக்கொண்டு சான்றளித்த நகல் தர வேண்டும் என்பது 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டம் 76ஆம் பிரிவு. ஆகவே முகப்பில் உட்கார்ந்திருப்பவர் தயவு பண்ணித் தருவதல்ல அது.

மூன்றாவது, விசாரணையின் நிலை. 107ஏ பிரிவின்படி, புகார் கொடுத்து நான்கு வாரம் ஆன பின், விசாரணை எந்த நிலையில் உள்ளது என்று நிலையத் தலைவரிடம் கேட்கலாம். கேட்ட இரண்டு வாரத்திற்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் அரசு வழக்குரைஞர் அலுவலகத்திற்கு எழுதலாம்.

ஆனால் இங்கேதான் ஓட்டை. 107ஏ, வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய பெருங்குற்றங்களுக்கு மட்டுமே பொருந்தும். அபாயகரமாக ஓட்டி உயிரைப் போக்கியது என்று விசாரித்தால் அது பெருங்குற்றம். அதே விபத்தை வெறும் கவனக்குறைவு என்று வகைப்படுத்திவிட்டால், பதில் கேட்கும் இந்த உரிமை கைநழுவிப் போகிறது. கால் இழந்து வீட்டில் கிடக்கும் தொழிலாளிக்கு இந்தப் பிரிவு எந்த உதவியும் செய்வதில்லை. வரைபடத்தையும் படங்களையும் இத்தனை நாளுக்குள் குடும்பத்திடம் தர வேண்டும் என்று இந்தப் பிரிவுகள் எதிலும் இல்லை. வழக்கறிஞரும் காப்புறுதி நிறுவனமும் எழுதினால் நகரும் கோப்பு, விதவை நேரில் போய் நின்றால் நகர்வதில்லை. இது நியாயமா?

2025 ஜூன் மாதம் கெரிக் அருகே பஸ் கவிழ்ந்து 15 பல்கலைக்கழக மாணவர்கள் மாண்டபோது, போக்குவரத்து அமைச்சு சிறப்புக் குழு அமைத்தது. அதன் அறிக்கையை நாடே படித்தது. நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் தாமான் சாலைச் சந்திப்பில் தனியாக விழுந்து செத்த ஒரு மோட்டார் சைக்கிளோட்டி எப்படிச் செத்தார் என்பதை அவருடைய மனைவிக்காவது சொல்ல வேண்டாமா?

கோப்பு பூட்டிக் கிடக்கும் இடத்தில்தான் தரகனுக்குப் பிழைப்பு. மருத்துவமனை வாசலிலும் பிண அறைக்கு வெளியிலும் நிற்கும் இந்த ஆட்கள் விற்பது என்ன? உங்களுக்கு உரிமையுள்ள தாள்களை உங்களுக்கே விற்கிறார்கள். இவர்களிடமிருந்து வழக்குகளை வாங்கும் வழக்கறிஞர்களும் என் தொழிலில் இருக்கிறார்கள் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஜெயித்தால் இழப்பீட்டில் இத்தனை விழுக்காடு என்று வழக்கறிஞர் பேரம் பேசுவதை 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் தடை செய்கிறது. அப்படிப் பேசுபவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

நம் கோரிக்கைகள் மூன்றே மூன்று. விபத்தில் காயமடைந்தவருக்கும் இறந்தவரின் குடும்பத்திற்கும் வரைபடம், படங்கள், விசாரணை முடிவு ஆகியவற்றைக் குறித்த நாள்களுக்குள் தர வேண்டும் என்று சட்டத்திலேயே எழுத வேண்டும். 107ஏ பிரிவு காயம் ஏற்பட்ட எல்லாச் சாலை விபத்துகளுக்கும் விரிய வேண்டும். எந்தச் சந்திப்பில் எத்தனை விபத்து என்ற கணக்கை, பெயர் விவரங்களை நீக்கிப் பொதுவில் வைக்க வேண்டும். சிலாங்கூரில் 2011ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருந்தாலும் அது மாநில அமைப்புகளை மட்டுமே கட்டுப்படுத்தும், கூட்டரசின் கீழுள்ள போலீசை அல்ல. கணக்கு கையில் இல்லாமல் நகராண்மைக் கழகத்திடம் போய் விளக்குக் கம்பம் கேட்டால் யார் செவி சாய்ப்பார்?

சாட்சிகளின் வாக்குமூலங்களையும் விசாரணை அதிகாரியின் நாள் குறிப்பையும் நாம் கேட்கவில்லை. சொந்த வீட்டுச் சாவைப் பற்றிய தாள்களைத்தான் கேட்கிறோம்.

சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டாம். விபத்து நடந்தால் 24 மணி நேரத்திற்குள் புகார் கொடுங்கள். புகார் எண்ணையும் விசாரணை அதிகாரியின் பெயரையும் எழுதி வையுங்கள். வாயால் கேட்காதீர்கள். கடிதம் கொடுத்து, அதன் நகலில் முத்திரை வாங்குங்கள். வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ நடந்திருந்தால் உடனே சொக்சோவுக்குத் தெரியப்படுத்துங்கள். தப்பு யார் மேல் என்று சொக்சோ பார்ப்பதில்லை. இறந்தவர் மேல்தான் தப்பு என்று போலீஸ் சொல்லிவிட்டாலும் கதை முடிந்துவிடாது. இழப்பீட்டு வழக்கில் முடிவு செய்வது நீதிபதிதான். பணம் இல்லையென்றால் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்திற்கோ அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகாவிற்கோ போங்கள். மூன்று ஆண்டு முடியும் நாளை இன்றே காலண்டரில் குறித்து வையுங்கள்.

அந்த அம்மாவுக்கு என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. இதைப் படிக்கும் நீங்கள் உங்கள் மாடியில் உள்ள நான்கு வீடுகளுக்குச் சொன்னால், அடுத்த பிளாஸ்டிக் பை பத்தொன்பது நாள் தாமதமாக வராது.