பழைய டேப்லட்டுக்கு 65 வாட் சார்ஜர் தேவையா?

2020 ஊரடங்கில் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய டேப்லட்கள் நம் வேலூர், ஆம்பூர் பக்கம் பல வீடுகளில் இன்னும் உழைத்துக் கொண்டிருக்கின்றன. கூடவே வந்த சார்ஜர்தான் முதலில் கெட்டுப் போகிறது. புதிது வாங்கக் கடைக்குப் போனால், "65 வாட் பாஸ்ட் சார்ஜர் சார், அரை மணியில் புல் ஆகிவிடும்" என்று ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். புது போனுக்கு அது சரியாக இருக்கலாம். பழைய டேப்லட்டுக்கு அது வீண் செலவு என்பதே என் கருத்து.

எவ்வளவு மின்சாரம் உள்ளே போக வேண்டும் என்று முடிவு செய்வது டேப்லட்டுக்குள் இருக்கும் சார்ஜிங் சர்க்யூட். முறையாகத் தயாரித்த 65 வாட் சார்ஜரும் செருகியவுடன் 5 வோல்ட்தான் தரும். எதிர்முனையில் உள்ள சாதனம் கேட்டால்தான் 9, 15, 20 வோல்ட் என்று ஏறும். பெரும்பாலான பழைய டேப்லட்களுக்கு அப்படிக் கேட்கத் தெரியாது. எனவே டேப்லட் எரிந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். வேகமாக ஏறும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். 2011-ல் வந்த ஐபேட் 2 உடன் ஆப்பிள் கொடுத்ததே 10 வாட் சார்ஜர்தான். மைக்ரோ யு.எஸ்.பி. உள்ள பல ஆண்ட்ராய்ட் டேப்லட்களும் 5 வோல்ட், 2 ஆம்பியர், அதாவது அதே 10 வாட் அளவில் நின்றுவிடும். 5,000 எம்.ஏ.எச். பேட்டரி நிரம்ப ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும். உங்கள் பழைய சார்ஜரில் 'அவுட்புட்' என்ற இடத்தில் 9 வோல்ட் என்றும் அச்சாகியிருந்தால், உங்களுடையது விதிவிலக்கு.

மூன்று மணி நேரம் ஆறு மணி நேரமாக நீள்கிறது என்றால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். உள்ளே 28 கேஜ் மெல்லிய கம்பி உள்ள ஒரு மீட்டர் கேபிளில் 2 ஆம்பியர் ஓடினால், போக வர சுமார் 0.85 வோல்ட் வழியிலேயே போய்விடும். கடைசி வீட்டுக் குழாயில் தண்ணீர் சொட்டுகிற கதைதான். டேப்லட்டும் இழுக்கும் மின்சாரத்தைக் குறைத்துக் கொள்ளும். 24 கேஜ் கம்பியில் இந்த இழப்பு 0.34 வோல்ட் மட்டுமே. சில கேபிள்களின் மேலேயே 28/24 என்று அச்சிட்டிருப்பார்கள். இரண்டாவது எண்தான் மின்சாரம் போகும் கம்பி. மிச்சமாகும் பணத்தில் நல்ல கேபிள் வாங்குங்கள்.

இன்னொன்று. டைப் சி போர்ட் உள்ள சில மலிவு டேப்லட்கள், இரு முனையும் டைப் சி ஆக உள்ள கேபிளில் சார்ஜ் ஏறவே ஏறாது. உள்ளே வைக்க வேண்டிய இரண்டு சின்ன ரெசிஸ்டர்களைத் தயாரிப்பாளர் மிச்சம் பிடித்திருப்பார்! பழைய தட்டை யு.எஸ்.பி. போர்ட் உள்ள சார்ஜர் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மே மாதம் வேலூரில் 40 டிகிரி தாண்டுவது புதிதல்ல. லித்தியம் பேட்டரியைப் பொதுவாக 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. ஷீட் போட்ட வீட்டில், மதிய நேரத்தில், தடித்த ரப்பர் கவருடன், பிள்ளைகள் வீடியோ பார்க்கப் பார்க்க சார்ஜ் போட்டால் பேட்டரி அந்த அளவைச் சுலபமாகத் தொட்டுவிடும். காலையில் கவரைக் கழற்றிவிட்டுப் போடுங்கள்.

பெயரே இல்லாத மலிவு சார்ஜரை மட்டும் தொடாதீர்கள். 230 வோல்ட்டையும் உங்கள் கையில் இருக்கும் டேப்லட்டையும் பிரித்து வைப்பது அதற்குள் இருக்கும் சின்ன டிரான்ஸ்பார்மர்தான். செலவைக் குறைப்பவர்கள் அங்கேதான் கை வைக்கிறார்கள். இந்தியாவில் சார்ஜருக்கு பி.ஐ.எஸ். பதிவு கட்டாயம். ஆர் என்ற ஆங்கில எழுத்தும் 8 இலக்க எண்ணும் அதன் மேல் இருக்கும். 'பி.ஐ.எஸ். கேர்' ஆப்பில் அந்த எண்ணைத் தட்டினால் தயாரிப்பாளர் பெயர் வரும். கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம்.

டேப்லட்டின் பின்பக்கம் உப்பியோ, டிஸ்பிளே ஓரம் தூக்கியோ இருந்தால் எந்தச் சார்ஜரையும் செருகாதீர்கள். அது பேட்டரியை மாற்ற வேண்டிய நேரம்.